குழிமூடியின் மூலை

அந்தச் சரளைக் குவாரியில் தோண்டுவதற்கு ஒரு பட்டாளமே இருந்தது. பொக்லைன்கள், டிப்பர் லாரிகள், சலிக்கும் எந்திரம், அவற்றை ஓட்டுகிறவர்கள், ஓட்டுகிறவர்களைத் திட்டுகிறவர்கள், திட்டித் திட்டித் தொண்டை வறண்டவர்களுக்கு டீ வாங்கி வருகிறவர் என்று ஒருவர் பாக்கியில்லை. மூடுவதற்கு? ஓர் ஆள், ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி ஒன்று, பிடி ஆடுகிற மண்வெட்டி ஒன்று. சட்டம் அவ்வளவுதான் கேட்டது. நிலமீட்புக் கண்காணிப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்று பர்மிட்டில் போட்டிருந்தார்களே தவிர, மீட்கிற வேலையை யார் செய்வார்கள் என்று ஒரு வார்த்தை போடவில்லை. ஆகவே நம்மவர் தானே மீட்டு, தன்னைத் தானே கண்காணித்துக்கொண்டார்.

லாரிக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் குழிமூடி. கிண்டலுக்குத்தான் வைத்தார்கள், பசை போட்டது மாதிரி ஒட்டிக்கொண்டுவிட்டது. முதலாளி அப்படித்தான் கூப்பிடுவார். டீக்கடைக்காரர் அப்படித்தான் கூப்பிடுவார். சொந்த மைத்துனன்கூட, “குழிமூடி மச்சான் இருக்காரா?” என்று கேட்டுக்கொண்டுதான் கதவைத் தட்டுவான். அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. தோண்டுகிறவர்களை யாராவது தோண்டி என்று கூப்பிட்டார்களா? ஊருக்குள் வேலையால் பெயர் வாங்கிய ஒரே ஆள் தான்தான் என்று உள்ளுக்குள் ஒரு கர்வமே இருந்தது.

அதற்கு முன்னால் அவர் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார். சரளை ஏற்றிய வண்டி ரோட்டில் கல் சிந்தக் கூடாது, தூசி பறக்கவிடக் கூடாது, மேலே மூடியிருக்க வேண்டும் என்று அதற்கும் ஒரு விதி உண்டு. நிலமீட்புக்கு ஆள் போட்டாயா இல்லையா என்று ஆபீஸிலிருந்து கேள்வி வந்த அன்று, முதலாளி கொட்டகை வாசலில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார். நம்மவர் ஒரு லாரியின் தலைமேல் நின்று கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்.

“யோவ், லாரியை மூடத் தெரிஞ்சவனுக்குக் குழியை மூடத் தெரியாதா? கீழ இறங்கு.”

நேர்முகத் தேர்வு முடிந்தது.

குழியை மூடுவது என்றால் ஏதோ மண்ணைத் தள்ளிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு வருவது என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு ஆயிரத்தெட்டு விதி. தோண்டும்போதே மேல்மண்ணை, அதாவது செடி முளைக்கிற அந்தக் கறுத்த மண்ணைத் தனியாக வழித்து ஓர் ஓரமாகக் குவித்து வைக்க வேண்டும். சரளையை எடுத்து முடித்ததும் குழியின் சுவரைச் செங்குத்தாக விடாமல் சரிவாக்க வேண்டும். கழிவுக் கல்லையும் களிமண்ணையும் அடியில் போட்டு நிரப்பி, மேல்மண்ணை அதன்மேல் பரப்பி, கன்று நட்டு, அது வேர் பிடிக்கும்வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். இவ்வளவையும் முதலாளி பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

“ஒரு மூலையை மட்டும் ஒழுங்கா மூடிடு. வர்றவங்களுக்கு அதைக் காட்டிக்கலாம். மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கலாம்.”

முதலாளியின் அப்புறம் எந்தக் காலண்டரிலும் வராத நாள். ஆனால் அந்த ஒரு மூலையை நம்மவர் மூடினார் பாருங்கள், அப்படி ஒரு மூடல்! வடக்கு மூலையில், குவாரி ஆரம்பித்த புதிதில் தோண்டி எடுத்து முடித்துவிட்டுக் கைவிட்ட பள்ளம் அது. பழைய டயரும் எண்ணெய் டின்னும் கிழிந்த தார்ப்பாயுமாகக் கிடந்தது. முதலில் அதையெல்லாம் பொறுக்கி வெளியே போட்டார். எந்த மண் எந்த வரிசையில் வெளியே வந்ததோ அதே வரிசையில் உள்ளே போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அடியில் கழிவுக் கல், அதன்மேல் களிமண், அதன்மேல் மேல்மண். கட்டிகளைக் கையால் உடைத்தார். யாராவது அந்தப் பக்கமாகக் குறுக்கே நடந்தால், “ஏய், மிதிக்காதே! இப்பதான் தூங்க வெச்சிருக்கேன்,” என்று கத்துவார்.

அவர் மனைவி அதே குவாரியின் எடைமேடையில் உட்கார்ந்திருப்பவர். வெளியே போகிற ஒவ்வொரு லாரியும் அந்த அம்மாளின் ஜன்னலுக்கு எதிரே ஏறி நின்று, எடை போட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் கேட்டைத் தாண்ட வேண்டும். நாக்கு கொஞ்சம் நீளம். வேலையில் துளி பிசகாது.

“வீட்டுல ஒரே ஒரு தொட்டிச் செடி. அது வாடி வதங்கி உசிரை விடுது. அதுக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்த ஆளில்ல. ஊரான் குழிக்கு டேங்கர்ல தண்ணி ஊத்தறாரு மகராசன்,” என்று ஜன்னல் வழியாகவே விடுவார்.

“தொட்டிச் செடிக்கு நீ இருக்கே. இதுக்கு யார் இருக்கா?” என்பார் இவர், வண்டியைத் தள்ளிக்கொண்டே.

கன்றுகள் பிடித்துக்கொண்டன. அத்தி ஒன்று, மூங்கில் ஒரு புதர், மஞ்சள் பூப்பூக்கிற ஒன்று, பெயர் தெரியாத முள்மரம் ஒன்று, இன்னும் நாற்றுப் பண்ணைக்காரர் தலையில் கட்டிய என்னென்னவோ. மரங்களைக் கொஞ்சுகிற ஆள் இல்லை அவர், திட்டுகிற ஆள். “நேரா நில்லேண்டா, கூன் விழுந்த மாதிரி!” என்று ஒன்றை அதட்டுவார். “தண்ணி மட்டும் குடி, இலை விடாதே!” என்று இன்னொன்றுக்கு அர்ச்சனை நடக்கும். ஆட்டுக்காரரோடு தினமும் சண்டை. வருஷங்கள் போகப் போக மரங்கள் தோளுக்கு வந்தன, தலையைத் தாண்டின, பிறகு அண்ணாந்து பார்த்துத் திட்ட வேண்டியதாயிற்று. குவாரி முழுக்க எலும்பு துருத்தின மாதிரி வெளிறிக் கிடக்க, வடக்கு மூலை மட்டும் கன்னங்கரேலென்று நிழல் கட்டி நின்றது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அத்தனை பேரும் அங்கேதான் போவார்கள். சாப்பிட்டுவிட்டு, ஏப்பம் விட்டுவிட்டு, “என்னய்யா குழிமூடி, இந்த வேலைக்கெல்லாம் சம்பளமா?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

இனிமேல்தான் கூத்து.

குவாரியை மேய்க்க அரசாங்கத்தில் இரண்டு ஆபீஸ்கள் இருந்தன. ஒன்று நிலமீட்பு ஆபீஸ். அங்கிருந்து வருகிறவர், “எடுத்து முடிச்ச குழியை மூடினீங்களா? மூடின இடத்தைக் காட்டு,” என்பார். இன்னொன்று கனிம ஆபீஸ். அங்கிருந்து வருகிறவர், “எல்லாத்தையும் தோண்டித் தின்னுடாம கொஞ்சம் மிச்சம் வெச்சிருக்கீங்களா? தோண்டாத இடத்தைக் காட்டு,” என்பார். தோண்டாத இடம் மிச்சம் இருந்தால்தான் பர்மிட் நீளும். முதலாளியோ கொட்டகைக்கு அடியில் இருந்ததைக்கூட விட்டு வைக்காதவர். கொட்டகையே இரண்டு தடவை இடம் மாறியிருக்கிறது. அப்படியிருக்க, தோண்டாத இடத்துக்கு எங்கே போவது?

“வடக்கு மூலையைக் காட்டிடு,” என்றார் முதலாளி.

“அது மூடின குழி, முதலாளி.”

“பார்த்தா அப்படியா தெரியுது?”

பார்த்தால் அப்படித் தெரியவில்லைதான். அது குழிமூடியின் கைவண்ணம். அதிலேயே அவர் மாட்டிக்கொண்டார்.

ஆக ஒரே மூலைக்கு இரண்டு வாய். நிலமீட்பு அதிகாரி வந்தால் குழிமூடி முன்பக்கத்து லாரிப் பாதை வழியாகக் கூட்டி வந்து, “இது நாங்க மூடின குழி, சார். கம்பெனி செலவுல மரம் வெச்சது,” என்பார். கனிம அதிகாரி வந்தால் பின்பக்கத்து ஒற்றையடிப் பாதை வழியாகக் கூட்டி வந்து, “இது மண்வெட்டி படாத இடம், சார். அப்படியே விட்டு வெச்சிருக்கோம்,” என்பார். சொல்லிவிட்டு இருவருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். ஒரு தடவை கனிம அதிகாரியிடம் வாய் தவறி, “இந்தக் குழியில...” என்று ஆரம்பித்துவிட்டு, வியர்த்துப் போய், “குழியே விழாத இடம் சார் இது,” என்று இழுத்து முடித்தார். அதிகாரி அத்தி மர நிழலில் பேனாவைத் திறந்துகொண்டே, “பார்த்தாலே தெரியுதுய்யா. மனுஷன் கை பட்டா இப்படியா இருக்கும்?” என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடவில்லை. மனைவி துருவித் துருவிக் கேட்டதும் கொட்டிவிட்டார்.

“ஒருத்தர் கம்பெனி வளர்த்ததுங்கறார். இன்னொருத்தர் தானா வளர்ந்ததுங்கறார். நான் ஒருத்தன் அங்க நின்னுக்கிட்டேதான் இருக்கேன். என்னைப் பார்த்து ஒருத்தராவது, நீ வளர்த்தியான்னு கேட்கறாங்களா?”

“நீங்களே உங்க வாயால கம்பெனின்னும் தானா வளர்ந்ததுன்னும் சொல்றீங்க. அவங்க எப்படிக் கேட்பாங்க?” என்றார் மனைவி. பிறகு கொஞ்சம் இரங்கி, “சாப்பிடுங்க. நான் கேட்கறேன். இந்த மரமெல்லாம் நீங்களா வளர்த்தீங்க?” என்றார்.

“நக்கலா?”

“பின்ன?”

இப்படியே காலம் ஓடியிருக்கும். மேலே யாரோ ஒரு புண்ணியவான், எதற்கு இரண்டு ஆபீஸ், இரண்டு வாடகை, இரண்டு வாட்ச்மேன் என்று யோசித்து, இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். நிலமீட்பு அதிகாரிக்கும் கனிம அதிகாரிக்கும் பதிலாக ஒரு மேடம் வந்தார். இளவயது, சுறுசுறுப்பு, தூசியைப் பொருட்படுத்தாத கறுப்பு ஷூ. எல்லாவற்றுக்கும் மேலாக, கக்கத்தில் இரண்டு ஃபைலையும் சேர்த்து வைத்திருந்தார்.

“வடக்கு மூலை இதுல மூடின இடம். இதுல தோண்டாத இடம். எது சரி?” என்று கொட்டகையில் வைத்து முதலாளியைக் கேட்டார். “நாளைக்கு எழுத்து மூலமாச் சொல்லுங்க. அப்புறம் இன்னொண்ணு. கிழக்குச் சரிவு எடுத்து முடிச்சு எவ்வளவு நாளாச்சு, ஏன் இன்னும் மூடல? இந்த மழைக்குள்ள அங்க மேல்மண் பரப்பிக் கன்னு நடலன்னா பர்மிட் நீளாது.”

மேடத்தின் ஜீப் கிளம்பிய தூசி அடங்குவதற்குள் முதலாளி குழிமூடியைக் கூப்பிட்டார்.

“மேல்மண் எங்கய்யா?”

“குவிச்சு வெச்சதைத்தான் நீங்க புல்தரை போடறவங்களுக்கு வித்துட்டீங்களே, முதலாளி.”

“ஆமால்ல.” முதலாளி தாடையைச் சொறிந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தார். வெளிறிய குவாரியின் கடைசியில் வடக்கு மூலை கறுப்பாகத் தெரிந்தது. முகம் மலர்ந்துவிட்டது. “அங்க நல்ல மண்ணு கிடக்குமே!”

குழிமூடி ஜன்னலுக்குக் குறுக்கே வந்து நின்றார்.

“அது... மூடின இடம், முதலாளி. மூடினதைத் திரும்பத் திறக்கக் கூடாதுன்னு விதி.”

“அதான் தோண்டாத இடம்னு எழுதிக் கொடுத்துடறேனே. தோண்டாத இடத்தைத் தோண்ட பர்மிட் இருக்கு. மரத்தை வெட்டு, மண்ணை வழி, கிழக்கே கொண்டு போய்ப் பரப்பு. நீயே நின்னு பார்த்துக்கோ. அதான் உன் வேலை.”

“அப்ப வடக்கு மூலை குழியாப் போயிடுமே, முதலாளி?”

“போகட்டும்யா. மறுபடியும் குழியானாத்தானே மறுபடியும் மூடலாம்? குழி இல்லன்னா உனக்கு என்ன வேலை? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

நிலத்தை மீட்டதாகக் காட்டுவதற்காக, மீட்ட ஒரே நிலத்தைப் பிடுங்கப் போகிறார்கள். அதையும் தன் கையாலேயே! ஒரு பொக்லைனை அன்றைக்கே வடக்குப் பாதையில் கொண்டு போய் நிறுத்திவிட்டார்கள். மேடத்திடம் எழுத்து போய்ச் சேர்ந்ததும் வேலை ஆரம்பம்.

எடைமேடை ஜன்னலில் போய் நின்றார். முகத்தைப் பார்த்ததுமே மனைவி கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்துவிட்டார். கதையைக் கேட்டு முடிக்கும்வரை பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

“பொறுங்கய்யா, சரளை ஓடியா போயிடும்!” என்று அவர்களை ஒரு சத்தம் போட்டுவிட்டு, கணவரிடம் திரும்பினார். “நேரா அந்தம்மாகிட்டப் போங்க. ரெண்டு நாக்கு வெச்சிருந்தீங்கல்ல, அதுல ஒண்ணையாவது நிஜத்தைச் சொல்ல விடுங்க.”

“வேலை போயிடும்.”

“மரம் போனா மட்டும் வேலை பார்ப்பீங்களா? உங்களை எனக்குத் தெரியாதா? வீட்டுல உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கிட்டு என் உசிரை வாங்குவீங்க.”

போனார். நாற்காலியைக் கண்டாலே உட்காரப் பயப்படுகிற மனிதர், மறுநாள் ஆபீஸில் மேடத்துக்கு எதிரே நின்றபடியே, அது மூடின குழிதான், மூடியது நான்தான் என்று சொல்லிவிட்டார். மேடம் இரண்டு ஃபைலையும் விரித்து வைத்தார்.

“இங்க தோண்டாத இடம்னு கையெழுத்துப் போட்டது யாரு?”

“நான்தான், மேடம்.”

“இங்க மூடின இடம்னு போட்டது?”

“அதுவும் நான்தான்.”

“உங்க முதலாளி, மூடின இடம்னு எழுதினது கை தவறின பிழை, அந்த மூலையை நான் தொட்டதே இல்லன்னு இன்னிக்குக் காலையில எழுதிக் கொடுத்துட்டார். நான் யாரை நம்பறது?” மேடம் இரண்டு ஃபைலையும் மூடினார். “சரி. துளை போடற வண்டியைக் கொண்டு வரேன். அடியில சரளை இருந்தா தோண்டாத இடம். இல்லன்னா தோண்டின இடம். எந்திரம் பொய் சொல்லாது. அதுவரைக்கும் அங்க யாரும் கை வைக்கக் கூடாது.”

இவருக்குக் காலே தரையில் பாவவில்லை. அடியில் சரளை ஏது? அதுதான் எப்போதோ லாரியில் போய் யார் யார் வீட்டுக்கோ அஸ்திவாரமாகிவிட்டதே! வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தார்.

துளை போடும் வண்டி வந்தது. மேடம், முதலாளி, வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்த பட்டாளம், எல்லாரும் மர நிழலில் கூடிவிட்டார்கள். குழாய் உள்ளே போனது. கறுத்த மண் வந்தது. களிமண் வந்தது. அதன்பின் கழிவுக் கல். அதற்கும் கீழே வெறும் பாறை. சரளை ஒரு கைப்பிடி இல்லை.

“பார்த்தீங்களா மேடம்!” என்று குதித்தார் குழிமூடி.

மேடம் முதலாளி பக்கம் திரும்பினார். “பர்மிட் கொடுத்தப்பவே அளந்திருக்காங்க. இந்த மூலையில நிறையச் சரளை இருந்திருக்கு. இப்ப இல்ல. நீங்க எடுத்தீங்களா?”

முதலாளிக்கு முகம் வெளுத்தது. எடுத்தேன் என்றால், தோண்டாத இடம் என்று இத்தனை காலம் காட்டியது அத்தனையும் பொய். பர்மிட் அங்கேயே செத்துவிடும். எடுக்கவில்லை என்றால் சரளை எங்கே என்று கேட்பார்கள். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “நான் இந்தப் பக்கமே வந்ததில்ல, மேடம்,” என்றார், நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தலை வைத்துப் படுத்த அத்தி வேரின்மேல் நின்றுகொண்டு.

“அப்போ கம்பெனி எடுக்கல. ஆனா சரளை போயிருக்கு,” என்றார் மேடம். “அப்படின்னா திருட்டு.”

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. மேலே ஆளுயரம் தாண்டிய மரம் நிற்கிறது, அடியில் இருந்ததைத் திருடிக்கொண்டு போய்விட்டானாம் திருடன்! யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் அடுத்த கேள்வி தன்னிடம் வரும் என்று எல்லாருக்கும் தெரியும்.

“திருட்டுன்னா என்ன ஆகும், மேடம்?” என்று மெதுவாகக் கேட்டார் குழிமூடி.

“எடுத்தவன் அந்த இடத்தைத் தன் கையால மூடணும், மேல்மண் போடணும், மரம் வெக்கணும். பத்து வருஷம் கூடவே இருந்து பராமரிக்கணும், சம்பளம் கிடையாது. எந்தக் குவாரியிலயும் வேலைக்குச் சேர முடியாது. அந்தப் பத்து வருஷமும் வேற யாரும், கம்பெனியே ஆனாலும், அந்த இடத்துல மண்வெட்டி வைக்கக் கூடாது.”

“எடுத்தவன் கிடைக்கலன்னா?”

“கிடைக்கலன்னு எழுதிட்டு இடத்தைக் கம்பெனிகிட்டயே விட்டுடுவோம்.”

பொக்லைன் ஓரமாகக் கையை மடக்கிக்கொண்டு நின்றது. குழிமூடி அதைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். அண்ணாந்து அந்தக் கூன் விழுந்த மரத்தைப் பார்த்தார். எத்தனை திட்டியும் அது நிமிரவே இல்லை. வாயில் வந்தது இதுதான்:

“நான்தான் எடுத்தேன், மேடம்.”

மேடம் பேனாவைத் திறந்தார். “எப்படி எடுத்தீங்க?”

“தள்ளுவண்டியில.”

“இவ்வளவு சரளையையுமா?”

“வேற வேலை இல்ல, மேடம். பொறுமையா எடுத்தேன்.”

“மேல மரம் இருக்கே?”

“மரத்தை அசைக்காம அடியில இருந்து எடுத்தேன்.”

பொக்லைன் ஓட்டுகிறவருக்குப் புரையேறிவிட்டது. டீ வாங்கி வருகிறவர் அவர் முதுகில் தட்டினார். முதலாளி ஆகாயத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

“எடுத்த சரளை எங்க?”

“செலவாயிடுச்சு, மேடம்.”

மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை நன்றாகப் பார்த்தார். “யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“நல்லா யோசிச்சேன்.”

எழுதி முடித்தார். படிவத்தில் ‘எடுத்தவர் பெயர்’ என்ற கட்டம் காலியாக இருந்தால் மேலிடத்தில் ஆயிரம் கேள்வி வரும். நிரம்பினால் ஒரு கேள்வியும் வராது. அதில் ஒரு திருடன் உட்கார்ந்ததும் எல்லாருக்கும் மூச்சு வந்தது. மூலையைச் சுற்றிச் சிவப்பும் வெள்ளையுமாக நாடா கட்டினார்கள். பொக்லைன் வந்த வழியே உறுமிக்கொண்டு திரும்பியது.

அன்றைக்கு வீட்டில் அந்த அம்மாள் ஆடிய ஆட்டத்தைக் கேட்க வேண்டுமே!

“நிஜத்தைச் சொல்லுங்கன்னு அனுப்பினா, திருடன்னு பேர் வாங்கிக்கிட்டு வந்து நிக்கறீங்களே, உங்களை என்ன பண்றது? குவாரியை விட்டு ஒரு கல்லு போனாலும் என் எடைமேடையில ஏறித்தான் போகணும். அத்தனை சரளையும் என் ஜன்னல் வழியாப் போச்சு, நான் மட்டும் கண்ணை மூடிக்கிட்டு இருந்தேனா? நாளைக்கு என்னைக் கேட்டா என்ன சொல்றது?”

“தள்ளுவண்டி எடைமேடையில ஏறாதுன்னு சொல்லு.”

சொம்பு பறந்து வந்தது. அவர் மேல் படவில்லை, படாமல்தான் எறிந்திருந்தார். பிறகு மூலையில் உட்கார்ந்து அழுதார். சம்பளம் போனதற்கு அழுதார், உறவுக்காரர்கள் சிரிப்பார்களே என்று அழுதார். இவருக்கு எப்படித் தேற்றுவது என்று தெரியவில்லை. தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். அது பிளாஸ்டிக் செடியாக மாறி ரொம்ப நாளாகிறது என்று மனைவி அழுகைக்கு நடுவிலேயே சொன்னார்.

மறுநாளிலிருந்து அவர் பழையபடி வேலைக்குப் போனார். அதே மூலை, அதே தள்ளுவண்டி. சம்பளம்தான் இல்லை. மனைவி எடைமேடைச் சம்பளத்தில் இரண்டு பேருக்கும் சோறு கட்டினார். டப்பாவை நீட்டும்போது, “இந்தாங்க, கைதிச் சாப்பாடு,” என்று சொல்லத் தவறியதில்லை. லாரிக்காரர்கள் குழிமூடி என்ற பெயரை விட்டுவிட்டுத் திருடர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆனால் மரியாதை கூடிவிட்டது. நாடாவுக்கு உள்ளே வந்து சாப்பிட இப்போது அவரிடம் அனுமதி கேட்க வேண்டும்.

நிலமீட்புக் கண்காணிப்பாளர் பதவியில் முதலாளியின் மச்சினன் வந்து உட்கார்ந்தான். அவனுக்குத் தள்ளுவண்டிகூடத் தேவைப்படவில்லை. கிழக்குச் சரிவில் பச்சை நிறத் தார்ப்பாயை விரித்துக் கல்லை வைத்தான். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சையாகத்தான் இருந்தது. பார்வையிட வந்த அன்றைக்கு மேடத்துக்கு அவசர மீட்டிங். ஜீப்பிலிருந்தே பார்த்துவிட்டுப் போய்விட்டார். பர்மிட் நீண்டது.

மழைக்காலம் முடிந்ததும், தண்டனை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க மேடம் வடக்கு மூலைக்கு வந்தார். இந்தத் தடவை முன்பாதையா பின்பாதையா என்ற யோசனையே குழிமூடிக்கு வரவில்லை. நாடாவைத் தூக்கிப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். மேடம் மெதுவாக நடந்தார். அத்தியின் அடிமரத்தைக் கையால் தொட்டுப் பார்த்தார். மூங்கிலுக்குள் ஏதோ ஒரு பறவை சண்டை போட்டுக்கொண்டிருந்தது. கூன் விழுந்த மரத்தின் கீழ் நின்று, ஃபைலைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார்.

“ஃபைல்படி பார்த்தா நீங்க இந்த வருஷம்தான் நட்டிருக்கணும். அதுக்குள்ள இவ்வளவு உயரமா?”

“நல்ல மண்ணு, மேடம்.”

மேடத்தின் உதட்டில் சிரிப்பா இல்லையா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று வந்துவிட்டுப் போனது. பிறகு கேட்டார்:

“இதெல்லாம் நீங்களா வளர்த்தீங்க?”

இந்த ஒரு கேள்வியைக் கேட்க இத்தனை காலத்தில் ஓர் அதிகாரி வந்தாரா? கம்பெனி இல்லை, தானாகவும் இல்லை. குழிமூடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டிருந்தது.

“ஆமா, மேடம். ஒவ்வொண்ணையும் நான்தான் வளர்த்தேன்.”

“ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கீங்க. நிஜமாவே.” மேடம் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். “குற்றம் பண்ணினவங்க இப்படித் திருந்தினா, தண்டனையைப் பாதியாக் குறைக்கறதுக்கு விதியில இடம் இருக்கு. உங்களுக்கு எழுதிடறேன். அஞ்சு வருஷத்துல இடத்தைக் கம்பெனிகிட்டக் கொடுத்துட்டு நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போகலாம்.”

குழிமூடி பாய்ந்து வந்து அந்தக் காகிதத்தின் மேல் மண் ஒட்டிய கையை வைத்துவிட்டார்.

“வேண்டாம், மேடம். எழுதாதீங்க. நான் இன்னும் திருந்தல.”